வெயிலும் வளிமண்டலமும்: பூமி எப்படிச் சூடாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமியின் வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் வெயில் வந்து சேரும் வழியைத்தான் எண்ணிப் பார்க்கிறோம். ஆனால் ஒரு கோளின் வெப்பநிலை, அது பெற்ற ஆற்றல் எந்த வழியாக, எவ்வளவு எளிதாக விண்வெளிக்குத் திரும்பிப் போகிறது என்பதையும் அதே அளவுக்குப் பொறுத்திருக்கிறது. வளிமண்டலத்தின் முக்கியமான வேலை இந்தத் திரும்பும் வழியில்தான் நடக்கிறது. கீழே உள்ள கேள்விகள் பல கோணங்களில் இருந்தாலும், பெரும்பாலானவற்றின் விடை இந்த ஓரிடத்தில்தான் வந்து நிற்கும்.

சூரியனிடமிருந்து நமக்கு எவ்வளவு ஆற்றல் வருகிறது?

சூரியனிலிருந்து பூமி சராசரியாக 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்தத் தொலைவில், வளிமண்டலத்துக்கு வெளியே, கதிர்களுக்கு நேர்க்குத்தாக ஒரு சதுர மீட்டர் பரப்பை வைத்தால் அதன்மேல் ஏறத்தாழ 1361 வாட் ஆற்றல் விழும். இதைச் சூரிய மாறிலி என்பார்கள். பெயரில் மாறிலி என்று இருந்தாலும், சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி இறங்குகிறது. பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதால், ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் இருக்கும்போது பூமி பெறும் கதிர்வீச்சு, ஜூலை தொடக்கத்தில் பெறுவதைவிட 7 விழுக்காடு அளவுக்கு அதிகம்.

சில இடங்களில் 1361 வாட் என்றும் சில இடங்களில் 340 வாட் என்றும் படிக்கிறேன். எது சரி?

இரண்டும் சரி. வெயிலை மறித்து நிற்பது பூமியின் வட்ட முகம் மட்டுமே. ஆனால் அந்த ஆற்றலைப் பகிர்ந்துகொள்வது முழு உருண்டையின் மேற்பரப்பு. உருண்டையின் பரப்பு அதே ஆரமுள்ள வட்டத்தைப் போல நான்கு மடங்கு. ஆகவே இரவு, பகல், துருவம், நடுக்கோடு எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி கண்டால் 1361-இல் நான்கில் ஒரு பங்கு, அதாவது 340 வாட் வருகிறது. இனி இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் அளவுகள் அனைத்தும் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்ற இந்தச் சராசரிக் கணக்கைச் சேர்ந்தவை.

அந்த 340 வாட்டும் நிலத்தை வந்து அடைகிறதா?

இல்லை. ஏறத்தாழ 100 வாட் எந்தப் பயனுமின்றி விண்வெளிக்கே திரும்பிவிடுகிறது. அதில் பெரும்பகுதியை, 75 வாட் அளவுக்கு, மேகங்களும் காற்றின் மூலக்கூறுகளும் தூசும் திருப்புகின்றன. மீதி 25 வாட்டைப் பனி, பாலை மணல், கடல் முதலான மேற்பரப்புகள் எதிரொளிக்கின்றன. இன்னும் 80 வாட்டை வளிமண்டலம் வழியிலேயே உட்கவர்ந்துகொள்கிறது. நீராவி, ஓசோன், கரி கலந்த தூசு ஆகியவை இதில் முதன்மையானவை. எஞ்சிய 160 வாட்டை நிலமும் கடலும் வாங்கிக்கொள்கின்றன.

ஆக, பூமி வைத்துக்கொள்ளும் 240 வாட்டில் மூன்றில் இரண்டு பங்கு காற்றைத் தாண்டிப் போய்க் கீழே விழுகிறது. இந்த ஒரு விகிதத்தை நினைவில் வைத்துக்கொண்டால், பின்வரும் பல கேள்விகள் பாதி தீர்ந்துவிடும்.

வானம் நீலமாகத் தெரிவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவையான காற்று மூலக்கூறுகள், குறுகிய அலைகளை அதிகமாகவும் நீண்ட அலைகளைக் குறைவாகவும் சிதறடிக்கின்றன. அலைநீளம் பாதியானால் சிதறல் பதினாறு மடங்காகும் என்பது ராலே கண்ட விதி. அதன்படி நீல ஒளி, சிவப்பு ஒளியைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறி, வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் நம் கண்ணை வந்தடைகிறது. சிதறலில் ஒளியின் திசை மட்டுமே மாறுகிறது, காற்று சூடாவதில்லை. எனவே வெப்பக் கணக்கில் சிதறலின் பங்கு, ஒளியில் ஒரு பகுதியை மேல்நோக்கித் திருப்பி அனுப்புவதோடு முடிகிறது.

மலை உச்சி சூரியனுக்கு இன்னும் அருகில் இருக்கிறது. பிறகு ஏன் அங்கே குளிர்கிறது?

சிறுவர்கள் கேட்கும் கேள்வி என்று பலர் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். ஆனால் இந்தத் துறையின் சாரமே இதற்குள் இருக்கிறது என்பது என் எண்ணம். சில கிலோமீட்டர் உயரம், 15 கோடி கிலோமீட்டருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எனவே தொலைவுக்கு இதில் வேலை கிடையாது. காற்றைப் பெரும்பாலும் சூடாக்குவது மேலிருந்து வரும் வெயில் என்றால் உயரப் போகப் போக வெப்பம் கூடியிருக்க வேண்டும். அது குறைகிறது என்பதே, காற்று கீழிருந்துதான் சூடாகிறது என்பதற்குச் சான்று. வெயில் நிலத்தைச் சூடாக்குகிறது; நிலம் காற்றைச் சூடாக்குகிறது.

சூடான நிலத்தைத் தொட்டு நிற்கும் காற்று விரிந்து, இலேசாகி மேலெழுகிறது. மேலே அழுத்தம் குறைவு என்பதால் அது மேலும் விரிகிறது. விரிவதற்கு வேண்டிய ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால் அது குளிர்கிறது. அந்தக் காற்றில் இருந்த நீராவி குளிர்ந்து மேகத்துளியாகும்போது தன்னுள் வைத்திருந்த உள்ளுறை வெப்பத்தை வெளிவிட்டு, குளிர்வதைச் சற்றுத் தணிக்கிறது. இவ்விரண்டும் கலந்து, வளிமண்டலத்தின் கீழடுக்கில் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பம் குறைகிறது. இந்த 6.5 என்ற எண் பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் மறுபடி வரும்.

அப்படியானால் மேலே போகப் போகக் குளிர்ந்துகொண்டே போகுமா?

போகாது. 10 முதல் 17 கிலோமீட்டர் உயரத்தில் இந்த இறக்கம் நின்றுவிடுகிறது. அதற்கு மேலுள்ள மீள் அடுக்கில் (ஸ்ட்ராட்டோஸ்பியர்) உயரத்தோடு வெப்பம் ஏறத் தொடங்குகிறது; ஏனெனில் அங்குள்ள ஓசோன், சூரியனின் புற ஊதாக் கதிர்களை நேரடியாக உட்கவர்ந்து சூடாகிறது. மேலிருந்து சூடாகும் காற்று எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அந்த அடுக்கே எடுத்துக்காட்டு. இந்த அடுக்கைப் பலூன்களின் உதவியால் கண்டறிந்து 1902-ஆம் ஆண்டில் அறிவித்தவர்களுள் ஒருவர் பிரான்சின் தெய்செரென் தெ போர்.

பெற்ற வெப்பத்தைப் பூமி எப்படித் திருப்பி அனுப்புகிறது?

வெப்பம் உள்ள எந்தப் பொருளும் கதிர்களை உமிழ்ந்துகொண்டே இருக்கும். எவ்வளவு சூடோ அவ்வளவு குறுகிய அலைநீளத்தில் உமிழும். ஏறத்தாழ 5500 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள சூரிய மேற்பரப்பின் கதிர்வீச்சு 0.5 மைக்ரோமீட்டர் அருகே, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியில், உச்சம் பெறுகிறது. 15 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள பூமியோ 10 மைக்ரோமீட்டர் அருகே, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பில், உச்சம் பெறுகிறது. இருபது மடங்கு நீளமான அலை.

இந்த வேறுபாடு நமக்குக் கிடைத்த பெரும் பேறு. ஒரே வாயு, வரும் ஒளிக்குத் திறந்த கதவாகவும் போகும் கதிருக்கு அடைத்த கதவாகவும் இருக்க முடிவது இதனால்தான். கரியமில வாயு சூரிய ஒளியை ஏறத்தாழ முழுவதுமாக விட்டுவிடுகிறது. ஆனால் 15 மைக்ரோமீட்டர் அருகே, பூமியின் உமிழ்வு வலுவாக உள்ள பகுதியில், கதிர்களை இறுக்கிப் பிடிக்கிறது. நீராவி 6.3 மைக்ரோமீட்டர் அருகிலும், பிறகு நீண்ட அலைகளில் பரவலாகவும் பிடிக்கிறது. ஓசோன் 9.6-இலும், மீத்தேன் 7.7-இலும் பிடிக்கின்றன. 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரையிலான இடைவெளி பெருமளவு திறந்திருப்பதால் அதை வளிமண்டலச் சாளரம் என்கிறார்கள். தெளிந்த, உலர்ந்த இரவுகளில் நிலம் விரைவாகக் குளிர்வது இந்தச் சாளரத்தின் வழியாகத்தான்.

காற்றில் 99 விழுக்காடு நைட்ரஜனும் ஆக்சிஜனும்தானே? அவை ஏன் இந்த வேலையைச் செய்வதில்லை?

அகச்சிவப்புக் கதிர் ஒரு மூலக்கூறைப் பற்றிக்கொள்ள வேண்டுமானால், அந்த மூலக்கூறு அதிரும்போது அதன் மின்னூட்டச் சமநிலை ஒரு பக்கம் சாய வேண்டும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே வகை அணுக்கள் இரண்டு சேர்ந்தவை. அவை எப்படி நீண்டு சுருங்கினாலும் இரு பக்கமும் ஒன்றுபோலவே இருப்பதால் கதிருக்குப் பிடி கிடைப்பதில்லை. கரியமில வாயு, நீராவி, மீத்தேன் ஆகியவற்றில் மூன்றோ அதற்கு மேலோ அணுக்கள் உள்ளன. அவை வளைந்தும் நெளிந்தும் அதிரும்போது சமநிலை சாய்கிறது, கதிர் சிக்குகிறது.

ஆனால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சும்மா இருப்பதில்லை. கதிரைப் பிடித்த ஒரு கரியமில வாயு மூலக்கூறு, தான் அதைத் திரும்ப உமிழ்வதற்குள் ஆயிரக்கணக்கான முறை அண்டை மூலக்கூறுகளோடு மோதி, பெற்ற ஆற்றலை அவற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. பிடிப்பவர் சிலர், சூடாவது எல்லோரும்.

பசுங்குடில் விளைவு என்ற பெயர் பொருத்தமானதா?

வளிமண்டலம் அகச்சிவப்பைப் பிடித்துப் பூமியைச் சூடாக வைத்திருப்பதைத்தான் இப்படி அழைக்கிறார்கள். பெயர் அரைகுறையாகத்தான் பொருந்தும். கண்ணாடிக் குடிலின் உட்புறம் சூடாக இருப்பதற்கு முதன்மைக் காரணம், சூடான காற்று மேலெழுந்து வெளியேற முடியாமல் கூரை தடுப்பது. 1909-இல் ஆர். டபிள்யூ. வுட் என்ற இயற்பியலாளர், அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியால் மூடிய பெட்டியையும் அதை ஊடுருவ விடும் உப்புப்பாளத்தால் மூடிய பெட்டியையும் வெயிலில் வைத்து ஒப்பிட்டு, இரண்டிலும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கக் கண்டார். வளிமண்டலத்தில் காற்று தாராளமாக மேலெழுகிறது. அங்கே தடைபடுவது கதிர்வீச்சு. பெயர் நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டியதில்லை. ஆனால் குடிலின் இயங்குமுறையைப் பூமிமேல் ஏற்றிப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும்.

வளிமண்டலம் நிலத்துக்குத் திருப்பி அனுப்பும் கதிர், சூரியன் தருவதைவிட அதிகம் என்கிறார்கள். இது ஆற்றல் அழியாமை விதிக்கு முரணாகாதா?

கணக்கைப் பார்ப்போம். நிலம் சூரியனிடமிருந்து நேரே பெறுவது 160 வாட். வளிமண்டலம் கீழ்நோக்கி உமிழும் அகச்சிவப்பு 342 வாட். அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். முதன்முறை இதைப் பார்க்கும் எவருக்கும் ஐயம் எழுவது இயல்பே. இல்லாத ஆற்றலைக் காற்று எங்கிருந்து உண்டாக்குகிறது என்று கேட்கத் தோன்றும்.

செலவுப் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஐயம் தீரும். நிலம் மேல்நோக்கி உமிழும் அகச்சிவப்பு 398 வாட். நீர் ஆவியாவதன் வழியே மேலே போவது 82 வாட். சூடான காற்றாக எழுவது 21 வாட். மொத்தச் செலவு 501. மொத்த வரவு 160-உம் 342-உம் சேர்ந்து 502. கதிர்வீச்சை மட்டும் எடுத்துக்கொண்டால், நிலம் 398 கொடுத்து 342 வாங்குகிறது. நிகரமாக 56 வாட்டை இழக்கிறது. வெப்பம் எப்போதும்போல் சூடான நிலத்திலிருந்து குளிர்ந்த காற்றுக்கே போகிறது. ஒரே தொகை இருவர் கையில் பலமுறை மாறினால் கைமாறிய கூட்டுத்தொகை பெரிதாகும்; ஆனால் இருக்கும் பணம் கூடிவிடாது. அதுபோலத்தான் இதுவும். கோள் முழுமைக்குமான கணக்கில் உள்ளே வந்து தங்குவது 240, வெளியே போவது 239. அங்கே விதி மீறப்படவில்லை.

இந்த 342 வாட் வெறும் ஏட்டுக் கணக்கு என்று எண்ண வேண்டாம். இரவில் வானத்தை நோக்கி வைக்கப்படும் அகச்சிவப்பு அளவிகள் இதை நேரடியாகக் காட்டுகின்றன. சூரியன் இல்லாத நேரத்திலும் அந்த முள் பூச்சியத்துக்கு வருவதில்லை.

வளிமண்டலம் இல்லையென்றால் பூமி எவ்வளவு குளிராக இருக்கும்?

240 வாட்டை உமிழ்ந்து சமன்செய்ய ஒரு பரப்புக்கு மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். பூமியின் மேற்பரப்புச் சராசரியோ 15 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. இடையிலுள்ள 33 டிகிரியே பசுங்குடில் விளைவின் அளவு. உண்மையில் கடலெல்லாம் உறைந்தால் வெண்பனி இன்னும் அதிக வெயிலைத் திருப்பிவிடும் என்பதால், பூமி மைனஸ் 18-லும் நிற்காது. அதற்கும் கீழே போகும்.

நீராவிதான் வலிமையான பசுங்குடில் வாயு என்றால், கரியமில வாயுவைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

இன்றைய வளிமண்டலத்தின் பசுங்குடில் விளைவில் ஏறத்தாழப் பாதி நீராவியுடையது, கால் பங்கு மேகங்களுடையது, ஐந்தில் ஒரு பங்கு கரியமில வாயுவினுடையது. அப்படியிருந்தும் கட்டுப்பாடு கரியமில வாயுவின் கையில் இருக்கிறது. காரணம், நீராவி தன் அளவைத் தானே முடிவு செய்துகொள்வதில்லை. காற்றின் வெப்பநிலை அதை முடிவு செய்கிறது. அளவுக்கு மீறிய நீராவி ஏறத்தாழப் பத்து நாள்களுக்குள் மழையாகவோ பனியாகவோ விழுந்துவிடும். பூமியின் வெப்பநிலைகளில் கரியமில வாயு குளிர்ந்து மழையாக விழுவதில்லை. கூடுதலாகச் சேர்ந்ததில் கணிசமான பகுதி நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் நீடிக்கிறது.

ஆகவே கரியமில வாயு கூடிக் காற்று ஒரு டிகிரி சூடானால், அது கொள்ளக்கூடிய நீராவி 7 விழுக்காடு கூடுகிறது; அந்த நீராவி மேலும் சூடாக்குகிறது. நீராவி பெருக்குகிறது, தொடங்கி வைப்பதில்லை.

காற்றில் 0.04 விழுக்காடு மட்டுமே உள்ள வாயு எப்படி இவ்வளவு செய்ய முடியும்?

விழுக்காடு இங்கே தவறான அளவுகோல். மற்ற 99 விழுக்காடும் அகச்சிவப்புக்குக் கண்ணாடிபோல் தெளிந்தவை. எத்தனை கண்ணாடி அடுக்கினாலும் அவை மறைக்கப்போவதில்லை. பார்க்க வேண்டியது, கதிர் கடந்து செல்லும் வழியில் எத்தனை உட்கவரும் மூலக்கூறுகள் நிற்கின்றன என்பதை. ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்துக்கும் மேலே ஏறத்தாழ 6 கிலோகிராம் கரியமில வாயு இருக்கிறது. 15 மைக்ரோமீட்டர் கதிர் ஒன்று நிலத்திலிருந்து கிளம்பிச் சில மீட்டர்கள் போவதற்குள்ளேயே பிடிபட்டுவிடும். ஓசோனின் பங்கு இதைவிட மிகக் குறைவு. அதுதான் புற ஊதாக் கதிர்களின் கொடிய பகுதியை முற்றாகத் தடுக்கிறது.

சில மீட்டருக்குள்ளேயே பிடிபட்டுவிடும் என்றால், இன்னும் வாயுவைச் சேர்ப்பதால் என்ன மாறிவிடும்?

கேள்விகளில் கூர்மையானது இது. 1900 வாக்கில் கிநுத் ஒங்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் நாட்டு இயற்பியலாளர் இதே வாதத்தை முன்வைத்தார். அதனால் பல ஆண்டுகள் அறிஞர்கள் பலர் கரியமில வாயுவைப் பொருட்படுத்தாமல் இருந்தார்கள். வாதத்தின் முதல் பாதி உண்மை. கதிர் விரைவில் பிடிபடுகிறது. ஆனால் பிடிபட்டதோடு கதை முடிவதில்லை. சூடான அந்தக் காற்றும் உமிழ்கிறது. மேலுள்ள அடுக்கு அதைப் பிடித்து மறுபடி உமிழ்கிறது. இப்படி அடுக்கடுக்காக ஏறிப் போகும் ஆற்றல், தலைக்கு மேலுள்ள காற்று போதிய அளவு மெலிந்துபோன உயரத்தை எட்டும்போதுதான் விண்வெளிக்குத் தப்புகிறது. பூமியின் வெப்பத்தை முடிவு செய்வது அந்தத் தப்பும் உயரம்.

இன்று அதன் சராசரி ஏறத்தாழ 5 கிலோமீட்டர். முன்னே சொன்ன 6.5 டிகிரியை இங்கே பொருத்திப் பாருங்கள்: தப்பும் உயரத்தில் மைனஸ் 18 டிகிரி இருக்க வேண்டும், அங்கிருந்து 5 கிலோமீட்டர் இறங்கினால் 33 டிகிரி கூடி, தரையில் 15 டிகிரி. மலை உச்சியின் குளிரும் பசுங்குடில் விளைவும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

இப்போது கரியமில வாயுவைக் கூட்டுவோம். மேலடுக்குகளும் முன்னைவிடத் தடிப்பதால் தப்பும் இடம் இன்னும் உயரத்துக்குப் போகிறது. உயரத்தில் குளிர் அதிகம். குளிர்ந்த காற்று குறைவாகவே உமிழும். வரவு மாறாமல் செலவு குறைந்தால் மீதி சேர்கிறது. அந்தப் புதிய உயரம் மைனஸ் 18 டிகிரியை எட்டும்வரை கீழடுக்கு முழுவதும், தரை உட்பட, சூடாகிக்கொண்டே போகும். கூடவே, 15 மைக்ரோமீட்டரின் நடுப்பகுதி அடைபட்டிருந்தாலும் அதன் இரு ஓரங்களிலும் பிடிப்பு பலவீனமாகவே இருக்கிறது. வாயு கூடக் கூட அந்த ஓரங்களும் அடைபடுகின்றன. கரியமில வாயு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் விண்வெளிக்குப் போகும் ஆற்றல் ஏறத்தாழ 4 வாட் குறைகிறது. முதல் இரட்டிப்பும் அடுத்த இரட்டிப்பும் ஏறக்குறைய ஒரே விளைவைத் தருகின்றன. ஒவ்வொரு கூடுதல் பங்கின் வலிமை குறைந்துகொண்டே போனாலும், எந்த இடத்திலும் அது நின்றுவிடுவதில்லை.

இதை யாராவது நேரில் அளந்திருக்கிறார்களா?

ஆம். 1970-இல் நிம்பஸ்-4 செயற்கைக்கோள் பூமியிலிருந்து வெளியேறும் அகச்சிவப்பு நிறமாலையைப் பதிவு செய்தது. 1997-இல் ஜப்பானின் அடியோஸ் செயற்கைக்கோளில் இருந்த கருவி அதே வேலையைச் செய்தது. இரண்டையும் ஒப்பிட்டு 2001-இல் வெளியான ஆய்வு, கரியமில வாயுவும் மீத்தேனும் பிடிக்கும் அலைநீளங்களில் வெளியேறும் கதிர் குறைந்திருப்பதைக் காட்டியது. கீழிருந்தும் சான்று உண்டு: அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலும் அலாஸ்காவிலும் 2000 முதல் 2010 வரை எடுத்த அளவீடுகளில், கரியமில வாயுவிலிருந்து தரைக்கு வரும் கதிர் பத்தாண்டுக்கு 0.2 வாட் வீதம் கூடியது தெரியவந்தது.

மேகங்கள் குளிர்விக்கின்றனவா, சூடாக்குகின்றனவா?

இரண்டையும் செய்கின்றன. பகலில் வெண்மையான மேல்முகத்தால் வெயிலைத் திருப்புகின்றன. இரவும் பகலும் நிலத்தின் அகச்சிவப்பைத் தடுக்கின்றன. மூட்டமான பகல் குளிர்ந்தும் மூட்டமான இரவு வெதுவெதுப்பாகவும் இருப்பது இதனால்தான். கடலின்மேல் தாழ்வாகப் படரும் தடித்த மேகங்கள் நிலத்தின் வெப்பநிலைக்கு நெருங்கிய வெப்பத்தோடு உமிழ்வதால் அதிகம் தடுப்பதில்லை. ஆனால் வெயிலை நன்றாகத் திருப்புகின்றன. ஆகவே அவை குளிர்விப்பவை. உயரத்தில் மெல்லிய இழைகளாகப் படரும் பனிக்கட்டி மேகங்கள் இதற்கு நேர்மாறு: வெயிலை விட்டுவிடுகின்றன, தாம் மிகக் குளிர்ந்திருப்பதால் விண்வெளிக்குக் குறைவாகவே உமிழ்கின்றன.

கூட்டிக் கழித்தால் என்ன மிஞ்சுகிறது என்பது நெடுநாள் தெளிவாகவில்லை. 1984-இல் ஏவப்பட்ட செயற்கைக்கோளின் அளவீடுகளைக் கொண்டு, வீ. ராமநாதனும் உடன் ஆய்வாளர்களும் 1989-இல் மேகங்களின் நிகர விளைவு குளிர்விப்பதே என்று காட்டினார்கள். இன்றைய மதிப்பு மைனஸ் 20 வாட் அளவில் உள்ளது. பூமி சூடாகும்போது இந்த மேகங்கள் எப்படி மாறும் என்பதே எதிர்கால வெப்பநிலைக் கணிப்பில் மிகப்பெரிய இழுபறி. கரியமில வாயு இரட்டித்தால் 2.5 முதல் 4 டிகிரி வரை என்று ஒரு வீச்சாகச் சொல்லப்படுவதற்கு முதற்காரணம் அதுதான்.

எரிமலைப் புகையும் தூசும் என்ன செய்கின்றன?

1991 ஜூன் மாதத்தில் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ எரிமலை 1.5 கோடி டன்னுக்குக் குறையாத கந்தக டை ஆக்சைடை மீள் அடுக்குவரை வீசியது. அது நுண்ணிய கந்தக அமிலத் துளிகளாகி உலகைச் சுற்றிப் பரவி, வெயிலைத் திருப்பியதால் அடுத்த ஓராண்டில் உலகச் சராசரி வெப்பம் அரை டிகிரி அளவுக்குக் குறைந்தது. துளிகள் விழுந்து முடிந்ததும் பழைய நிலை திரும்பியது. நிலக்கரி எரிப்பதால் எழும் கந்தகத் தூசும் இவ்வாறே குளிர்விக்கிறது; கரித்தூசு மட்டும் வெயிலை உட்கவர்ந்து சூடாக்குகிறது.

ஓசோன் படலத்தின் ஓட்டைதான் பூமி சூடாகக் காரணமா?

அல்ல. இவை இரண்டு வெவ்வேறு சிக்கல்கள். ஓசோன் குறைவதால் புற ஊதாக் கதிர் அதிகம் வருகிறது. அது தோலுக்கும் கண்ணுக்கும் பயிருக்கும் கேடு. உலகின் வெப்பக் கணக்கில் அதன் பங்கு மிகச் சிறிது. குழப்பத்துக்கு ஒரு காரணம், ஓசோனைச் சிதைக்கும் குளோரோ புளோரோ கார்பன்களே வலிமையான பசுங்குடில் வாயுக்களாகவும் இருப்பது. அதை 1975-இல் முதலில் காட்டியவரும் மேலே சொன்ன ராமநாதன்தான்.

சூரியனே கூடுதலாக எரிவதால் பூமி சூடாகியிருக்கலாம் அல்லவா?

1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனை இடைவிடாமல் அளந்து வருகின்றன. 11 ஆண்டு ஏற்ற இறக்கம் தெரிகிறது. ஆனால் சூடாகிவரும் இந்தக் காலத்தில் சூரியனின் ஆற்றல் கூடிக்கொண்டே போனதாக எந்தத் தடயமும் இல்லை.

இதைவிட அழுத்தமான சான்று நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. சூரியன் காரணமென்றால் மேலடுக்கு, கீழடுக்கு இரண்டும் சூடாக வேண்டும். கரியமில வாயு காரணமென்றால் கீழடுக்கு சூடாகி, மீள் அடுக்கு குளிர வேண்டும். ஏனெனில் அந்த உயரத்தில் கூடுதல் கரியமில வாயு, வெப்பத்தை விண்வெளிக்கு உமிழும் வாயிலாக வேலை செய்கிறது. சுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967-இலேயே கணக்கிட்டுச் சொன்னது இது. அளவீடுகள் மீள் அடுக்கு குளிர்ந்து வருவதையே காட்டுகின்றன. மனாபேவுக்கு 2021-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மற்ற கோள்களில் இதே விதிகள்தானா?

அதே விதிகள்தான். வெள்ளி சூரியனுக்கு அருகில் இருந்தாலும், அதன் மேகங்கள் நான்கில் மூன்று பங்கு வெயிலைத் திருப்பிவிடுவதால், சதுர மீட்டருக்கு அது உட்கவரும் ஆற்றல் பூமியைவிடக் குறைவு. ஆனாலும் அதன் தரை வெப்பம் ஏறத்தாழ 460 டிகிரி செல்சியஸ். பூமியைப்போல் 90 மடங்கு அழுத்தமுள்ள, பெரும்பாலும் கரியமில வாயுவால் ஆன வளிமண்டலம் வெளியேறும் வழியை அவ்வளவு உயரத்துக்குத் தள்ளிவிட்டது. வரவு குறைந்தும் செலவு அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

செவ்வாயில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மேலே உள்ள கரியமில வாயு பூமியில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம். ஆனாலும் அங்கே சராசரி மைனஸ் 60 டிகிரி. காற்றழுத்தம் பூமியின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருப்பதால், மூலக்கூறுகள் மிகக் குறுகிய அலைநீளக் கோடுகளில் மட்டுமே கதிரைப் பிடிக்கின்றன. இடையிலுள்ள இடைவெளிகள் திறந்தே கிடக்கின்றன. துணைக்கு நீராவியும் இல்லை.

இதையெல்லாம் முதலில் கண்டறிந்தவர் யார்?

1824-இல் பிரான்சின் ஜோசப் ஃபூரியே, வளிமண்டலம் வெயிலை எளிதாக விட்டு, இருண்ட வெப்பத்தை எளிதாக விடுவதில்லை என்று எழுதினார். 1856-இல் அமெரிக்காவின் யூனிஸ் ஃபுட், வெவ்வேறு வாயுக்கள் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, கரியமில வாயு அதிகம் சூடாவதைக் கண்டு, அந்த வாயு நிறைந்த வளிமண்டலம் பூமியை வெப்பமாக்கும் என்று சொன்னார். நெடுங்காலம் அவர் பெயர் மறக்கப்பட்டிருந்தது வருத்தத்துக்குரியது. 1859-இல் ஜான் டிண்டல் அகச்சிவப்பைத் தனியே பிரித்து, எந்த வாயு எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்தார். 1896-இல் சுவந்தே அர்ரேனியஸ் கரியமில வாயு இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையால் கணக்கிட்டு, 5 முதல் 6 டிகிரி என்றார். இன்றைய மதிப்பைவிடக் கூடுதல். ஆனால் பாதை சரியானது.

இப்போது வரவு செலவு எந்த நிலையில் இருக்கிறது?

தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, 1958-இல் சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது 315 ஆக இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 2006 முதல் 2018 வரையிலான காலத்தில், உள்ளே வந்து தங்குவது வெளியேறுவதைவிடச் சராசரியாக 0.8 வாட் அதிகமாக இருந்தது. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வாட்டுக்கும் குறைவு என்று கேட்டால் அற்பமாகத் தோன்றும். பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால், மனிதகுலம் முழுவதும் பயன்படுத்தும் ஆற்றலைப்போல் அது பதினைந்து மடங்குக்கும் மேல். செயற்கைக்கோள் பதிவுகளின்படி இந்த மிகை 2005-க்கும் 2019-க்கும் இடையில் ஏறத்தாழ இரட்டித்துள்ளது.

அந்த மிகை ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள் போகிறது. நண்பகலில் வெயில் உச்சத்தைத் தொட்டாலும், நாளின் அதிக வெப்பம் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். வரவு செலவைவிட அதிகமாக இருக்கும்வரை வெப்பம் ஏறுகிறது. கடலின் கொள்ளளவு மிகப் பெரிது என்பதால், அங்கே அந்த இரண்டு மூன்று மணி நேரம் பல பத்தாண்டுகளாக நீள்கிறது. கரியமில வாயுவின் அளவு இன்றுள்ள இடத்திலேயே நின்றாலும், வெளியேறும் கதிர் மறுபடி உள்வரும் ஆற்றலுக்கு ஈடாகும்வரை பூமியின் மேற்பரப்பு இன்னும் சூடாகும்.